கண்ணாடிக் கடையில் சொல்லும் டிகிரியும் கண்ணின் நீளமும்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. இளையர்களை எடுத்துக்கொண்டால் 80 விழுக்காட்டையும் தாண்டுகிறது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் இங்கே உறவினர் வீட்டு விசேஷத்தில் ஒரு பிள்ளை புதிதாகக் கண்ணாடி போட்டு வந்தால் யாரும் அதிர்ச்சியடைவதில்லை, "டிகிரி எத்தனை?" என்று கேட்கிறோம், "முந்நூறு", "நானூற்றைம்பது" என்று பதில் வருகிறது, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது. அந்த முந்நூறு எதை அளக்கிறது? கண்ணாடியின் பவரை என்பது சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது கண் அளவுக்கு மீறி எவ்வளவு நீளமாக வளர்ந்திருக்கிறது என்ற விஷயம். இதைப் புரிந்துகொண்டால் கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் மோசமாகுமா, லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துவிட்டால் கவலை தீர்ந்ததா, கேரட் சாப்பிட்டால் டிகிரி இறங்குமா, கையிலிருக்கும் ஃபோனைப் பிடுங்கினால் போதுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் வெளிச்சம் கண்ணுக்குள் போகிற வழியில் ஒருமுறை நாமும் போய் வந்துவிடுவோம்.

வெளிச்சம் முதலில் தொடுவது கண்ணீரை. அழும்போது மட்டும் வருவதில்லை அது, விழித்திருக்கும் நேரமெல்லாம் கண்ணின் மேல் மெல்லிய படலமாகப் பரவியிருக்கிறது. அடியில் கோழைத்தன்மையுள்ள ஒரு பூச்சு, நடுவில் தண்ணீர், மேலே தண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடாதபடி இமை ஓரத்துச் சுரப்பிகள் தரும் எண்ணெய். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் இந்தப் படலம் புதிதாகத் தேய்க்கப்படுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும், அதோடு நாள் முழுக்க ஏர்கான் அறை வேறு, மாலையில் கண் எரிவதற்கும் பார்வை அவ்வப்போது மங்கித் தெளிவதற்கும் பல நேரம் காரணம் இதுதான். இதற்கும் டிகிரி ஏறுவதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

அடுத்தது கார்னியா, கருவிழிக்கு மேலே கவிந்திருக்கும் நிறமில்லாத படலம். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். கண்ணுக்குள் வெளிச்சத்தை வளைத்துக் குவிப்பது லென்ஸ் என்றுதான் பள்ளியில் படித்த ஞாபகம் நமக்கு இருக்கும், ஆனால் அந்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கை இந்தக் கார்னியாதான் செய்கிறது. குவிக்கும் திறனை டயாப்டர் என்ற அலகில் அளக்கிறார்கள். முழுக் கண்ணுக்கும் சுமார் 60 டயாப்டர், அதில் கார்னியாவின் பங்கு மட்டும் 43 வரை வரும். நீச்சல் குளத்தில் கண்ணாடி போடாமல் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறதே, அது இதனால்தான். காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது வெளிச்சம் நன்றாக வளைகிறது, தண்ணீரிலிருந்து நுழையும்போது இரண்டுக்கும் வெளிச்சத்தை வளைக்கும் தன்மை ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் வளைவதே இல்லை எனலாம். நீச்சல் கண்ணாடி செய்வது கார்னியாவுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை வைத்துத் தருவதுதான்.

கார்னியாவில் ரத்தக் குழாயே கிடையாது. இருந்தால் வெளிச்சத்தை மறைக்கும். அப்படியென்றால் அந்தச் செல்கள் மூச்சுவிடுவது எப்படி? நேராகக் காற்றிலிருந்து, கண்ணீரின் வழியாக. அதனால்தான் சாதாரணக் காண்டாக்ட் லென்ஸைப் போட்டுக்கொண்டே தூங்க வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். லென்ஸ் ஒரு பக்கம், மூடிய இமை ஒரு பக்கம் என்று காற்று குறைந்துபோனால் மேற்புறத்துச் செல்கள் பலவீனமாகி, கிருமி நுழைவதற்கு வழி திறந்துவிடும். 2005, 2006 ஆண்டுகளில் சிங்கப்பூரில் காண்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கார்னியாவில் புண் வந்தது, லென்ஸை ஊறவைக்கும் ஒரு திரவத்தோடு அதற்குத் தொடர்பு இருந்ததாகக் கண்டறிந்தார்கள். இங்கே லென்ஸ் போடுகிற பிள்ளைகள் நிறையப் பேர், அவர்களில் பலருக்கு இந்தக் கதை நடந்தபோது வயது ஒன்றோ இரண்டோ, அல்லது பிறந்தே இருக்கவில்லை. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது, பழைய திரவத்தின் மேலேயே புதிதை ஊற்றக் கூடாது என்பதைப் பெரியவர்கள் யாராவது உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

லேசிக் சிகிச்சை செய்வதும் இந்தக் கார்னியாவில்தான். லேசரால் அதன் வளைவைக் கொஞ்சம் தட்டையாக்குகிறார்கள், குவியும் இடம் பின்னால் தள்ளிப் போகிறது, கண்ணாடி இல்லாமல் தூரத்தில் இருப்பது தெரிகிறது. கண்ணின் நீளத்தை அது தொடுவதே இல்லை. இதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார்னியாவுக்குப் பின்னால் ஐரிஸ், கண்ணுக்கு நிறம் தரும் வளையம். நம்மில் பெரும்பாலோருக்கு அது பழுப்பு அல்லது கரும்பழுப்பு. அதன் நடுவில் இருக்கும் துளைதான் பாவை, வெயிலில் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும், இருட்டில் 7, 8 வரை விரியும். ஐரிஸை ஒட்டிப் பின்புறத்தில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, பாவை வழியாக முன்னால் வந்து, கார்னியாவும் ஐரிஸும் சேரும் மூலையில் இருக்கும் சல்லடை வழியாக வடிந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. வடிவது தடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறலாம். 10 முதல் 21 வரையிலான பாதரச மில்லிமீட்டர் அளவைத்தான் வழக்கமான அழுத்தம் என்று கொள்கிறார்கள். அழுத்தம் பார்வை நரம்பை மெல்ல மெல்லச் சேதப்படுத்துவது கண் அழுத்த நோய். இதில் பெரும்பாலான வகைகளில் வலி இருக்காது, முதலில் போவது ஓரப் பார்வை, நடுப்பார்வை நன்றாகவே இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. இழந்த நரம்பு திரும்புவதில்லை என்பதால் நாற்பது வயதுக்கு மேல் ஒருமுறையாவது கண் அழுத்தத்தையும் நரம்பையும் பார்த்துக்கொள்வது நல்லது, அதுவும் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சரி, லென்ஸுக்கு வருவோம். பாவைக்குப் பின்னால் மெல்லிய இழைகளால் கட்டித் தொங்கும் இது, சுற்றியுள்ள தசை வளையத்தின் உதவியோடு தன் வடிவத்தை மாற்றிக்கொள்ளும். கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் தசை சுருங்கும், இழைகள் தளரும், இழுப்பு விட்ட லென்ஸ் தன் இயல்பான உருண்ட வடிவத்துக்குப் போய் இன்னும் பலமாகக் குவிக்கும். தூரத்தைப் பார்க்கும்போது தசை ஓய்வெடுக்கும், இழைகள் இறுகி லென்ஸைத் தட்டையாக்கும். ஆக, கண்ணுக்கு வேலை இருப்பது கிட்டத்தில் பார்க்கும்போதுதான். வயது ஏற ஏற லென்ஸ் விறைத்துவிடுவதால் தசை எவ்வளவு சுருங்கினாலும் அது உருள்வதில்லை, நாற்பதைத் தாண்டியதும் மருந்து பாட்டிலின் சிற்றெழுத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கிறோமே, வெள்ளெழுத்து, அதன் காரணம் இந்த விறைப்பு. சிறு வயதிலிருந்து கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பதைப் பார்த்து "உனக்கு வெள்ளெழுத்தே வரவில்லையே" என்று சொல்வதுண்டு. வந்திருக்கும், அவர்களுடைய கண் ஏற்கெனவே கிட்டத்துக்காக அமைந்திருப்பதால் அது மறைந்திருக்கிறது.

லென்ஸில் வாழ்நாள் முழுக்கப் புதிய இழைச் செல்கள் வெளிப்புறத்தில் சேர்ந்துகொண்டே போகும், பழையவை எங்கும் உதிர்ந்து போக வழியில்லாமல் உள்ளே நெருங்கும். அதன் புரதங்கள் காலப்போக்கில் திரண்டு கலங்கினால் கண்புரை. அறுவைச் சிகிச்சையில் கலங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள். இதை முதலில் செய்தவர் லண்டனில் ஹேரல்ட் ரிட்லி, 1949-ல். இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த விமானக் கண்ணாடியின் அக்ரிலிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் அப்படியே கிடந்ததைக் கவனித்துத்தான் அந்தப் பொருளிலேயே லென்ஸ் செய்ய அவருக்குத் தோன்றியது. இன்றைக்குத் தாத்தா பாட்டிகள் காலையில் போய்விட்டு அன்றைக்கே வீடு திரும்பும் சிகிச்சை இது. அதற்கு முன்னால் ஓர் இயந்திரத்தில் தாடையை வைக்கச் சொல்லி அளவெடுப்பார்கள், கூடப் போனவர்கள் பார்த்திருக்கலாம். அங்கே முக்கியமாக அளப்பது கார்னியாவின் வளைவையும் கண்ணின் நீளத்தையும்தான். நீளம் தெரியாமல் எந்த பவர் லென்ஸ் வைப்பது என்று கணக்கிடவே முடியாது.

லென்ஸைத் தாண்டினால் கண்ணின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் தெளிந்த கூழ்ப் பொருள், கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். வயதாகும்போது அது சுருங்கி, உள்ளே சிறு முடிச்சுகள் உருவாகி, வெள்ளைச் சுவரைப் பார்க்கையில் மிதக்கும் புள்ளிகளாகவும் நூல்களாகவும் தெரியும். அதையும் கடந்தால் விழித்திரை. எனக்குக் கண்ணிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும் இந்தத் திசு உண்மையில் மூளையின் ஒரு பகுதி. கரு வளரும்போது மூளையிலிருந்து முன்னால் நீண்டு வந்து உருவானது. இதில் வெளிச்சத்தை உணரும் செல்கள் இரண்டு வகை. சுமார் 10 கோடி குச்சி செல்கள், சுமார் 50, 60 லட்சம் கூம்பு செல்கள். குச்சி செல் மங்கிய வெளிச்சத்துக்கு, ஒரே ஓர் ஒளித்துகளைக்கூட உணரும் அளவுக்கு நுட்பமானது, ஆனால் நிறம் தெரியாது. கூம்பு செல்லுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும், அதில் மூன்று ரகம் இருப்பதால்தான் நமக்கு நிறங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலோ மாறியிருந்தாலோ நிறக்குறைபாடு, சிவப்பு பச்சை வகைக் குறைபாட்டின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளிடம்தான் அதிகம்.

ஆச்சரியமான செய்தி ஒன்று உண்டு. வெளிச்சம் பட்டால் இந்தச் செல்கள் கிளர்ந்தெழும் என்றுதானே எதிர்பார்ப்போம்? நேர்மாறாக நடக்கிறது. இருட்டில்தான் அவை அடுத்த செல்லுக்கு ஓயாமல் ரசாயனச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன, வெளிச்சம் பட்டதும் அந்தச் செய்தி குறைகிறது. அந்தக் குறைவுதான் "இங்கே வெளிச்சம்" என்பதற்கான அடையாளம். குச்சி செல்லில் வெளிச்சத்தைப் பிடிக்கும் நிறமியைச் செய்வதற்கு வைட்டமின் ஏ தேவை, அதனால்தான் அந்தச் சத்து இல்லாவிட்டால் மாலைக்கண் வருகிறது. முருங்கைக்கீரை, முட்டை, கேரட், மாம்பழம் எல்லாம் இதற்கு உதவும். கேரட் கேள்விக்கும் பதில் இங்கேயே இருக்கிறது: அது நிறமிக்குப் போகும் சத்து, கண்ணின் நீளத்தைக் குறைக்கும் வேலை எதையும் அது செய்வதில்லை. பிள்ளை கீரை சாப்பிடட்டும், நல்லதுதான், டிகிரி இறங்கும் என்று மட்டும் நம்பவைக்க வேண்டாம்.

விழித்திரையின் நடுவில் ஃபோவியா என்று ஒரு சிறு குழி. படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இங்கேதான். மற்ற இடங்களில் நரம்புச் செல்களின் அடுக்குகளையெல்லாம் கடந்துதான் வெளிச்சம் உணர் செல்லை அடைய வேண்டும், இந்தக் குழியில் மட்டும் அந்த அடுக்குகள் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டிருக்கும். நட்ட நடுவில் கூம்பு செல்கள் மட்டுமே நெருக்கியடித்து நிற்கும், குச்சி செல் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் நேராகப் பார்த்தால் மங்கிய நட்சத்திரம் மறைந்துவிடும், சற்றுப் பக்கவாட்டில் பார்வையைத் திருப்பினால் தெரியும். நம் ஊர் வானத்தில் விளக்கு வெளிச்சம் அதிகம், புலாவ் உபின் மாதிரி இருட்டான இடத்துக்குப் போனால் முயன்று பாருங்கள், கண் இருட்டுக்கு முழுக்கப் பழக அரை மணி நேரம்வரை ஆகும், நடுவில் ஃபோனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

உணர் செல்கள் பத்துக் கோடிக்கு மேல், ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருப்பது சுமார் பத்து லட்சம் இழைகள்தான். அப்படியானால் எங்கே மாறுகிறது, எங்கே விளிம்பு இருக்கிறது, எது நகர்கிறது என்பதையெல்லாம் விழித்திரையே சலித்துச் சுருக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. அந்த நரம்பு வெளியேறும் இடத்தில் உணர் செல்லே கிடையாது, அங்கே நமக்குப் பார்வை இல்லை. ஒரு தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளி போடுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியையே பார்த்தபடி தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தினால், 30 சென்டிமீட்டர் அளவு தூரத்தில் புள்ளி காணாமல் போகும். அந்த இடத்தில் ஓட்டையும் தெரியாது, சுற்றியிருக்கும் தாளின் வெள்ளையைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பார்க்க நல்ல சோதனை.

விழித்திரையில் விழும் உருவம் தலைகீழானது என்பதை 1604-ல் யோகான்னஸ் கெப்ளர் விளக்கினார். அதை நிமிர்த்திப் பொருள் கொள்வது மூளையின் வேலை, அந்த வேலையையும் மூளை சிறு வயதிலேயே பழகியாக வேண்டும். ஒரு குழந்தைக்கு ஒரு கண் மட்டும் கலங்கலாகவோ மாறுகண்ணாகவோ இருந்தால் மூளை அந்தக் கண்ணின் செய்தியை ஒதுக்கத் தொடங்கிவிடும், வளர்ந்த பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைக்காது. டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் இந்தப் பருவத்தின் முக்கியத்துவத்தை விலங்குகளிடம் நிறுவி 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பாலர் பள்ளியிலேயே கண் பரிசோதனை செய்யும்போது ஒரு கண்ணை மூடச் சொல்லி மற்றதைத் தனியாகச் சோதிப்பது இதற்காகத்தான்.

இப்போது நீளத்துக்கு வரலாம். கார்னியாவும் லென்ஸும் சேர்ந்து குவிக்கும் இடமும் விழித்திரை இருக்கும் இடமும் ஒன்றாக அமைந்தால் தெளிவு. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின் சுமார் 24 மில்லிமீட்டர். அது நீண்டுவிட்டால் வெளிச்சம் விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்து, திரைக்கு வரும்போது மறுபடி விரிந்துவிடும், கலங்கல். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் கிட்டப்பார்வை, அதாவது நம் கண்ணாடிக் கடைக் கணக்கில் 250 முதல் 300 டிகிரி. ஒரு டயாப்டரைத்தான் இங்கே நூறு டிகிரி என்கிறோம். இன்னும் எளிதாகச் சொன்னால் நூறு டிகிரி உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு மீட்டர்வரை தெளிவு, இருநூறு என்றால் அரை மீட்டர், முந்நூறு என்றால் 33 சென்டிமீட்டர், ஐந்நூறு என்றால் 20. வகுப்பின் வெண்பலகை இதில் எதற்குள்ளும் வராது.

பிறந்த குழந்தையின் கண் சுமார் 17 மில்லிமீட்டர்தான். அது 24-ஐ நோக்கி வளர்கையில் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்வது? விழித்திரையே சொல்கிறது. தன்மேல் விழும் உருவம் எப்படி இருக்கிறது என்பதை வைத்து, வெளிப்புறத்து வெள்ளை உறைக்கு வளர் அல்லது நில் என்ற செய்தி போகிறது. 1977-ல் அதே வீசல், எலியோ ராவியோலாவுடன் சேர்ந்து, இமையைத் தைத்து மூடிய குட்டிக் குரங்குகளின் கண் நீண்டு கிட்டப்பார்வை வந்ததை வெளியிட்டார். பிறகு கோழிக்குஞ்சுகளுக்கு லென்ஸ் மாட்டிச் செய்த சோதனைகளில் கண்ணுக்கும் மூளைக்குமான நரம்பை வெட்டிவிட்டாலும்கூடக் கண் தன் நீளத்தைத் தானே மாற்றிக்கொண்டது தெரிந்தது. ஆக, பிள்ளையின் கண் தான் பார்க்கும் உலகத்துக்கு ஏற்பத் தன்னை அளவெடுத்துக்கொண்டே வளர்கிறது.

பெற்றோரிடமிருந்து வரும் மரபும் இதில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் மரபு மட்டும் என்று சொல்லிக் கையை விரித்துவிட முடியாது. 2008-ல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டை என்னால் மறக்க முடிவதில்லை. சீன இனத்தைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் பரிசோதித்தார்கள். சிட்னியில் கிட்டப்பார்வை 3.3 விழுக்காடு, இங்கே 29.1. பெற்றோரின் கிட்டப்பார்வையில் பெரிய வித்தியாசமில்லை. வாரத்துக்கு அதிகப் புத்தகம் படித்தவர்கள் சிட்னிப் பிள்ளைகள்தான். பெரிதாக வேறுபட்டது வெளியில் கழித்த நேரம்: அங்கே வாரத்துக்கு 13.75 மணி நேரம், இங்கே 3.05. வெளி வெளிச்சம் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து, அது கண் நீள்வதைத் தடுக்கிறது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். நன்றாக விளக்கெரியும் வகுப்பறையில் வெளிச்சத்தின் அளவு 300 முதல் 500 லக்ஸ், வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ். நமக்கு வீடும் வெளிச்சமாகத்தான் தெரிகிறது, பாவை விரிந்து சுருங்கிச் சமாளித்துவிடுவதால் இந்த வித்தியாசத்தை நாம் உணர்வதே இல்லை.

அதனால் ஃபோனை மட்டும் பிடுங்குவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. நெருங்கிப் பிடித்து நீண்ட நேரம் பார்ப்பதும் காரணங்களில் ஒன்றுதான், குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ஃபோனைப் பிடுங்கிவிட்டு அதே அறையில் பயிற்சிப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கண்ணுக்கு என்ன மாறிவிட்டது? பிள்ளை வெளியே போக வேண்டும், பகல் வெளிச்சத்தில், நாளுக்கு இரண்டு மணி நேரம் அளவுக்கு. தைவான் 2010 முதல் பள்ளிகளில் இதையே 120 நிமிடத் திட்டமாகக் கொண்டுவந்தது. பள்ளி, துணைப்பாட வகுப்பு, தமிழ் வகுப்பு, நடனம் என்று ஓடும் நம் பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் எங்கிருந்து வரும் என்பது நியாயமான கேள்வி. ஒரேயடியாகக் கிடைக்க வேண்டியதில்லை, பள்ளியிலிருந்து நடந்து வருவது, புளோக்குக்குக் கீழே விளையாட்டிடத்தில் அரை மணி, சனி ஞாயிறில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா என்று சேர்த்துக்கொள்ளலாம், தொப்பி போட்டு நிழலில் இருந்தாலும் பலன் உண்டு. மூன்று வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் எந்த டியூஷனைவிடவும் இதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது என் திடமான எண்ணம், ஏனென்றால் தவறவிட்ட பாடத்தை அடுத்த ஆண்டு படித்துவிடலாம், நீண்ட கண்ணைச் சுருக்க இன்றுவரை வழியில்லை.

கிட்டப்பார்வை வந்துவிட்ட பிள்ளைக்கு? சரியான பவரில் கண்ணாடி போட்டாக வேண்டும். "இப்போதே போட்டால் ஏறிக்கொண்டே போகும், கொஞ்சம் குறைத்துப் போடு" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. மலேசியாவில் 2002-ல் வெளிவந்த ஆய்வில் வேண்டுமென்றே குறைந்த பவர் தந்த பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாக ஏறியது. கண்ணாடி தெளிவைத் தரும், சாதாரணக் கண்ணாடி நீளத்தைக் கூட்டவும் செய்யாது, நிறுத்தவும் செய்யாது. வேகத்தைக் குறைக்க இப்போது சில வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றை உலகத்துக்குக் காட்டியதில் சிங்கப்பூர்த் தேசியக் கண் நிலையத்துக்கும் சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகத்துக்கும் பெரும்பங்கு உண்டு. இரவில் விடும் அட்ரோபின் சொட்டு மருந்து அது. பழைய ஒரு விழுக்காடு மருந்து பாவையை விரித்து வெயிலில் கூசவைக்கும், கிட்டத்தில் படிக்கவும் முடியாது. அதை நூறில் ஒரு பங்காக்கி 0.01 விழுக்காடாகக் கொடுத்தாலே வேகம் குறைகிறது, தொல்லையும் மிகக் குறைவு என்று இங்கே நடந்த ஆய்வு 2012-ல் வெளியானது. பின்னர் ஹாங்காங் ஆய்வில் 0.05 விழுக்காடு இன்னும் நன்றாக வேலை செய்தது. இது தவிர ஓரங்களில் வெளிச்சத்தை வேறு விதமாகக் குவிக்கும் சிறப்புக் கண்ணாடிகளும், இரவில் அணிவதற்கென்றே செய்த ஒருவகைக் காண்டாக்ட் லென்ஸும் இருக்கின்றன. எது யாருக்கு என்பதைக் கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை போகும்போது டிகிரியோடு கண்ணின் நீளத்தையும் அளப்பீர்களா என்று கேளுங்கள், ஆறு மாதத்துக்கு எவ்வளவு நீண்டது என்பது டிகிரியைவிடத் தெளிவாக நிலைமையைக் காட்டும்.

இவ்வளவு கவலை எதற்கு, கண்ணாடி போட்டால் தெரிகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கண் நீள்கிறது, ஆனால் விழித்திரை அதே வேகத்தில் புதிதாக முளைப்பதில்லை. ஒரே கரண்டி மாவைப் பெரிதாகத் தேய்த்தால் தோசை மெலிந்து ஓரத்தில் ஓட்டை விழுவதுபோல் அதுவும் இழுபட்டு மெலிகிறது. ஐந்நூறு டிகிரியைத் தாண்டியதைக் கடும் கிட்டப்பார்வை என்கிறார்கள். அது உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை கிழிவது, கழன்று வருவது, நடுப்பகுதி தேய்வது, கண் அழுத்த நோய், சீக்கிரமே வரும் கண்புரை எல்லாவற்றுக்குமான வாய்ப்பு கூடுகிறது. லேசிக் செய்து கண்ணாடியை விட்டவருக்கும் இது அப்படியே பொருந்தும், அவருடைய கார்னியாதான் மாறியது, பின்னால் இருக்கும் நீண்ட கண்ணும் மெலிந்த விழித்திரையும் முன்பு இருந்தபடியே இருக்கின்றன. திடீரென்று மின்னல் வெட்டுவது, ஒரே நேரத்தில் ஏராளமான கரும்புள்ளிகள் மிதப்பது, ஒரு பக்கத்திலிருந்து நிழல் மறைத்துக்கொண்டு வருவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வலி இல்லையே என்று திங்கட்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. விழித்திரை கழன்ற நிலையில் அதன் நடுப்பகுதி ஒட்டியிருக்கும்போதே சிகிச்சை செய்தால் பார்வை திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

இந்த விழித்திரையைப் பற்றி நம் சமூகம் கவனிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று இருக்கிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம். உடலில் ரத்தக் குழாய்களைத் தோலை வெட்டாமல் நேராகவும் தெளிவாகவும் பார்க்க முடிகிற இடம் கண்ணின் பின்புறம். 1851-ல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட கருவியால்தான் மருத்துவர்களுக்கு இது கைவந்தது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் விழித்திரையின் நுண்ணிய குழாய்கள் பலவீனமாகி, கசிந்து, சில அடைபட்டு, பிறகு அவற்றுக்குப் பதிலாக முளைக்கும் மோசமான குழாய்கள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். தொடக்கத்தில் பார்வையில் ஒரு மாற்றமும் இருக்காது, கண்ணாடிக் கடையில் எல்லா எழுத்தையும் சரியாகப் படித்துவிடுவார்கள். டிகிரி சோதனை வேறு, விழித்திரைச் சோதனை வேறு என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், "போன மாதம்தானே கண்ணாடி மாற்றினேன்" என்று அவர்கள் தட்டிக்கழிப்பது இங்கே சகஜம்.

பலதுறை மருந்தகத்தில் நீரிழிவுக்குப் போகிறவர்களை ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் படமெடுக்க அனுப்புவார்கள். 2010-ல் தொடங்கிய தேசிய அளவிலான திட்டத்தின்படி அந்தப் படங்களைப் பயிற்சி பெற்றவர்கள் ஒரு மையத்தில் பார்த்து மதிப்பிடுகிறார்கள். படம் எடுக்கச் சில நிமிடங்களே ஆகும், தொடுவதோ வலியோ இல்லை, வெளிச்சம் மட்டும் ஒருமுறை பளிச்சென்று அடிக்கும். சிலருக்குப் பாவையை விரிக்க முன்னதாகச் சொட்டு மருந்து விடுவார்கள், அப்படி விட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது தெரியாது, வெயிலும் கூசும். அம்மாவையோ அப்பாவையோ அனுப்பும்போது கூட ஒருவர் போங்கள், கறுப்புக் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவர்கள் காரை ஓட்ட வேண்டாம்.